ட்ரக் சாரதியின் மணிக்கணக்கும் லொக்புக்கும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கனடாவில் ட்ரக் ஓடுகிற ஒரு மாமாவோ மச்சானோ இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவு. அவர்கள் போனில் கதைக்கும்போது அடிக்கடி ஒரு வசனம் வரும்: "ஹவர்ஸ் முடிஞ்சுது, நிப்பாட்டிப் போட்டன்." வீட்டுக்கு இன்னும் இரண்டு மணித்தியால ஓட்டம்தான் மிச்சம். றோட்டும் வெறுமையாகக் கிடக்கும், வண்டியிலும் பழுது இருக்காது. பிறகு ஏன் நடுவழியில் விடியும்வரை படுத்துக் கிடக்கிறார்? இங்கேயிருந்து கேட்பவர்களுக்கு விளங்குவதில்லை. பொலிஸுக்குப் பயம் என்பார் ஒருவர், கம்பனிக்குப் பயம் என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மணிக்கணக்கு முதலில் காப்பது சாரதியைத்தான். அதை நேர்மையாக எழுதி வைத்தால் மட்டுமே காக்கும். அது எப்படி என்பதை அடியிலிருந்து சொல்கிறேன். அங்கே போய் ட்ரக் லைசென்ஸ் எடுக்க நினைக்கிற பெடியளுக்கும், இங்கே ஏ9 றோட்டில் இரவிரவாக லொறி ஓட்டுகிறவர்களுக்கும், லொறி வைத்திருக்கிற முதலாளிமாருக்கும் இது பயன்படும்.

சட்டத்தின் அடிப்படை சின்னது. கனரக வாகனம் ஓட்டுகிறவர் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், இவ்வளவு நேரம்தான் வேலை செய்யலாம், அதற்குப் பிறகு இவ்வளவு நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1930களின் கடைசியிலேயே இப்படி ஒரு விதி வந்துவிட்டது. நாட்டுக்கு நாடு எண்கள் மாறும். எண்ணுகிற முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கனடாவை எடுத்துக்கொள்வோம், நம்மவர்கள் கூடுதலாக ஓடுவது அங்கேதான். வடக்கே 60 பாகை அகலக்கோட்டுக்குக் கீழே, அதாவது ரொறன்ரோ, மொன்றியல், வினிபெக் எல்லாம் அடங்குகிற பகுதியில், ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டம், லோட் ஏற்றம், வண்டிப் பரிசோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 14 மணித்தியால வேலை முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு ஸ்ரேரிங்கைத் தொடக்கூடாது. இவற்றுக்கு மேலே மூன்றாவதாக ஒரு கடிகாரமும் ஓடுகிறது. வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து 16 மணித்தியாலம் கழிந்துவிட்டால், இடையில் எவ்வளவு இளைப்பாறியிருந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. திரும்ப ஓட வேண்டுமென்றால் தொடர்ச்சியாக 8 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். நாள் முழுவதுக்குமான ஓய்வைக் கூட்டினால் 10 மணித்தியாலம் வர வேண்டும். வாரக் கணக்கும் உண்டு: 7 நாளில் 70 மணித்தியால வேலை, அல்லது 14 நாளில் 120. கணக்கைப் புதிதாகத் தொடங்க முதலாவதற்கு 36 மணித்தியாலமும் இரண்டாவதற்கு 72 மணித்தியாலமும் தொடர்ந்து நிற்க வேண்டும்.

வின்சர் பாலத்தைக் கடந்து டிற்ரோயிற்றுக்குள் இறங்கினால் அமெரிக்க விதி. அங்கே ஓட்டம் 11 மணித்தியாலம். வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்துவிட வேண்டும், சாப்பிட்ட நேரமும் அதற்குள் அடக்கம். 8 மணித்தியாலம் ஓட்டினால் அரை மணித்தியாலம் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அடுத்த நாளுக்கு முன் 10 மணித்தியாலம் தொடர்ச்சியான ஓய்வு. லண்டனிலும் பாரிஸிலும் ஓடுகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம்: நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, நாளொன்றுக்கு 9 மணித்தியால ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். இந்த எண்கள் எல்லாவற்றையும் இப்போதே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஓட்டத்துக்கு ஒரு எல்லை, வேலைக்கு ஒரு எல்லை, நாள் முழுவதுக்கும் ஒரு எல்லை என்று மூன்று கடிகாரம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பது விளங்கினால் போதும். எது முதலில் முடிகிறதோ அது வண்டியை நிறுத்தும்.

சரி, களைப்பு வந்தால் நிறுத்துவதும் வராவிட்டால் ஓடுவதும் சாரதிக்குத் தெரியாதா? அதற்கு ஏன் கடிகாரம்?

தெரியாது என்பதுதான் பதில். நித்திரை வருகிறது என்று கணிக்கிற மூளையைத்தான் நித்திரை முதலில் மந்தமாக்குகிறது. "எனக்கு ஒண்டுமில்லை, நான் ஓடுவன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு பிரபலமானது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்த ஒருவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரைப் போல வேலை செய்தன. 24 மணித்தியாலம் விழித்திருந்தபோது அது 0.10 வீதத்துக்குச் சமமாகியது. கனடாவில் 0.08 வீதத்திலேயே குற்றவியல் வழக்கு. குடித்துவிட்டு லொறி எடுக்கிறவரை ஊரே ஏசும். ஒரு பகலும் ஓர் இரவும் விழித்திருந்து ஓட்டி வந்தவரை "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டுகிறோம். இது எனக்கு எப்போதும் மனவருத்தமான விஷயம்.

கண் திறந்தபடியே மூளை சில விநாடிகள் அணைந்து போவதும் உண்டு. 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற லொறி ஒரு விநாடியில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். நாலு விநாடி என்றால் 66 மீற்றருக்கு மேல், அவ்வளவு தூரமும் ஆளில்லாத வண்டிதான். அதிலும் விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே அடங்குகிற நேரம். பின்னேரம் 2 மணிக்குப் பிறகும் ஒரு சின்ன இறக்கம் உண்டு. பிளேன்ரீயும் வெற்றிலையும் நித்திரையைக் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிப்போடும், கடனை அடைக்காது. 20 நிமிடம் படுத்து எழும்பி, முகம் கழுவி, இன்னும் ஒரு கால் மணித்தியாலம் தெளிந்த பிறகு ஓடுவது உண்மையில் உதவும். முழு நித்திரைக்கு அதுவும் ஈடில்லை.

வெளிநாட்டுச் சாரதியின் உறவினர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். இங்கே காலை எட்டு மணிக்கு நாங்கள் ஆறுதலாக வட்ஸ்அப்பில் அழைக்கும்போது, கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு பத்தரை. அந்த 10 மணித்தியால ஓய்வுக்குள் மூன்று பேர் அழைத்தால் அவருடைய நித்திரை போய்விடும், ஆனால் கணக்கில் அது ஓய்வாகவே நிற்கும். அவர் அழைக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

இனி லொக்புக், அதாவது இந்த மணிக்கணக்கை எழுதி வைக்கிற பதிவேடு. பழைய கடதாசி லொக் ஒரு தாளில் ஒரு நாள். இடமிருந்து வலமாக 24 கட்டம், ஒவ்வொன்றும் கால் மணித்தியாலங்களாகப் பிரிந்திருக்கும். மேலிருந்து கீழாக நாலு வரி: ஓய்வு, வண்டிக்குள் உள்ள படுக்கை, ஓட்டம், ஓட்டமில்லாத வேலை. எந்த நிலையில் இருக்கிறீர்களோ அந்த வரியில் கோடு நேராகப் போகும். நிலை மாறும்போது கோடு செங்குத்தாக இறங்கும் அல்லது ஏறும், அதற்குக் கீழே ஊர்ப் பெயர். வலது கரையில் நாலு வரிக்கும் கூட்டுத்தொகை எழுதினால் 24 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ பிழை.

கனடா விதிப்படி ஓர் உதாரண நாள். முதல் நாள் இரவு 8 மணிக்கு வேலை முடித்துப் படுத்த ஒருவர் காலை 6 மணிக்கு பிரம்டன் யார்ட்டுக்கு வருகிறார். அரை மணித்தியாலம் ரயர், பிரேக், லைட் எல்லாம் பார்க்கிறார். அது நாலாவது வரி, ஓட்டமில்லாத வேலை. ஆறரையிலிருந்து பத்தரை வரை ஓட்டம், 4 மணித்தியாலம். பத்தரைக்கு ஒரு களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்கிறார். "நில்லுங்கோ, கூப்பிடுவம்" என்கிறார்கள். கூப்பிட்டு லோட் இறக்கி முடிய மதியம் ஒன்றரை. எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதால் வண்டியை விட்டு நகர முடியாது, படுக்கவும் முடியாது. அந்த 3 மணித்தியாலமும் நாலாவது வரியில்தான் போக வேண்டும். அரை மணித்தியாலம் சாப்பாடு, அது ஓய்வு. 2 மணியிலிருந்து ஆறரை வரை திரும்ப ஓட்டம், நாலரை மணித்தியாலம்.

மாலை ஆறரைக்குக் கணக்குப் பாருங்கள். ஓட்டம் எட்டரை, பரிசோதனையும் காத்திருப்பும் மூன்றரை, மொத்த வேலை 12. ஓட்டத்தின் எல்லை 13 என்பதால் இன்னும் நாலரை மணித்தியாலம் ஓடலாம் போலத் தெரியும். ஆனால் வேலையின் எல்லை 14. ஆகவே மிச்சம் 2 மணித்தியாலம்தான். இரவு எட்டரைக்கு வண்டி நிற்க வேண்டும்.

பொய் பிறப்பது இந்த இடத்தில்தான். களஞ்சியத்தில் நின்ற 3 மணித்தியாலத்தை "ஓய்வு" என்று போட்டுவிட்டால் வேலை நேரம் 9 ஆகக் குறையும். 16 மணித்தியாலக் கடிகாரம் இரவு 10 மணிக்குத்தான் முடியும், அதுவரை ஓடலாம். ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாகக் கிடைக்கும், அதுவும் இருட்டில், காலை 6 மணியிலிருந்து உழைத்த உடம்போடு. கேட்டால் "எல்லாரும் செய்யினம்" என்பார்கள்.

இந்தக் கோடு யாருக்கு உதவுகிறது என்று ஆறுதலாக யோசியுங்கள். அந்த மூன்று மணித்தியாலமும் வீணானது களஞ்சியக்காரரின் தாமதத்தால். பல சாரதிகளுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம், நிற்கிற நேரத்துக்குக் காசு கேட்டு வாங்க வேண்டும். லொக்கில் "ஓய்வு" என்று நீங்களே எழுதிவிட்டால் காத்திருப்புக் கூலி கேட்க உங்களிடம் சாட்சி இல்லை. கம்பனியும் அந்தக் களஞ்சியக்காரரிடம் "ஏன் எங்கள் வண்டியை மூன்று மணித்தியாலம் மறித்தீர்கள்" என்று கேட்க முடியாது, கடதாசிப்படி யாரும் மறிக்கவில்லை. அடுத்த வாரம் அதே பாதைக்கு நேரம் குறிக்கிறவர் பழைய லொக்கைப் பார்த்து "போன முறை இரவு பத்துக்குள் முடித்தாரே" என்று அதே நேரத்தைக் குறிப்பார். நடக்கவே முடியாத ஒரு நேர அட்டவணை உங்கள் கையெழுத்தோடு நடக்கக்கூடியதாகிவிடுகிறது. உங்களுக்குப் பிறகு வருகிற புதுப் பெடியனும் அதைத்தான் ஓட வேண்டி வரும்.

விபத்து நடந்தாலோ இன்னும் மோசம். எரிபொருள் றிசீற், எல்லைச் சாவடிப் பதிவு, லோட் கடதாசியில் உள்ள நேரம், போன் பதிவு எல்லாவற்றையும் லொக்கோடு ஒப்பிடுவார்கள். ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மற்ற வரிகளில் எழுதிய உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். மறுபக்கத்தில் வந்தவரின் பிழையால் மோதியிருந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அங்கே களஞ்சியக்காரர் உண்மையிலேயே "மூன்று மணித்தியாலம் வராதேங்கோ" என்று விடுவித்து, நீங்களும் படுக்கையில் கிடந்து நித்திரை கொண்டிருந்தால் அது வேறு. அப்போது அது நேர்மையான ஓய்வு, இரண்டாவது வரி. உங்கள் நேரம் உங்கள் கையில் இருந்ததா என்று பார்த்தால் எந்த வரி என்று தெரிந்துவிடும்.

இப்போது பெரும்பாலும் கடதாசி இல்லை. அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்தும், கனடாவில் மத்திய அரசின் விதிக்குள் வருகிற ட்ரக்குகளுக்கு 2021 ஜூனிலிருந்தும் மின்னணு லொக் கட்டாயமாகியது. கனடாவில் முழு அமுலாக்கம் 2023 ஜனவரியில் தொடங்கியது. ஈஎல்டி என்பார்கள். என்ஜினோடு தொடுத்த ஒரு சின்னக் கருவி, கூடவே ஒரு ரப்லெற். வண்டி நகர்ந்து மணிக்கு 8 கிலோமீற்றரைத் தொட்டதும் அது தானாகவே "ஓட்டம்" என்று எழுதத் தொடங்கும். அப்படித் தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தைக் குறைக்க யாராலும் முடியாது. மற்ற நிலைகளைத் திருத்தலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும், பழைய பதிவும் அழியாமல் உள்ளே கிடக்கும். கம்பனி ஒரு திருத்தத்தை முன்மொழியலாம், சாரதி ஏற்றுக்கொண்டால்தான் அது நிலைக்கும். இது சாரதிக்குப் பெரிய பலம். அலுவலகத்தில் இருப்பவர் "அதை ஓய்வெண்டு மாத்திவிடு தம்பி" என்று அனுப்பினால், ஏற்கமாட்டேன் என்ற பொத்தானும் உங்கள் திரையில்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவி வந்ததால் பொய் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். நிற்கிற வண்டிக்குள் இருக்கிறவர் நித்திரையா, லோட் இறக்குகிறாரா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது இன்னும் சாரதியின் விரல்தான். வராத இரண்டாவது சாரதியின் பெயரில் உள்நுழைந்து ஓடுவது, கம்பனி வேலையைச் சொந்தப் பயணம் என்று போடுவது எல்லாம் இன்னமும் நடக்கிற தில்லுமுல்லுகள். மணிக்கணக்கை மீறி ஓடச் சொல்லி வற்புறுத்துவதை அமெரிக்காவில் 2016 முதல் தனி விதியே தடுக்கிறது. அது கம்பனியை மட்டுமல்ல, சரக்கு அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தரகரையும் கட்டுப்படுத்தும். முடியாது என்று சொல்லும்போது அதைப் போனில் மட்டும் சொல்லாமல் ஒரு குறுஞ்செய்தியாகவும் போட்டு வையுங்கள்: "எனக்கு எட்டரையோடு நேரம் முடிகிறது, நாளைக் காலை ஆறரைக்கு எடுப்பேன்." அவ்வளவு போதும்.

நம்முடைய றோட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். மரக்கறி லொறியின் நாளை எடுத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழும்புகிற சாரதி சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி என்று சந்தை சந்தையாக வெங்காயமும் வாழைக்குலையும் சேர்க்கிறார். பின்னேரம் லோட் கட்டி, படங்கு இழுத்து, இரவு 7 மணிக்கு வெளிக்கிடுகிறார். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம். முந்திப் புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை இப்போது பேலியகொடையில், அங்கே விடிய முன் சேர வேண்டும். சிலாபத்தை அண்டும்போது நேரம் 3 மணி ஆகிவிடும். அவர் விழித்திருப்பது 21 மணித்தியாலம். மேலே சொன்ன ஆய்வையும் உடம்பு அடங்குகிற நேரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். லோட் இறக்கி, திரும்புகிற வழிக்குச் சரக்கு ஏற்றி, அன்றைக்கே வடக்கே திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த லொறிகளில் மணி எண்ணுகிற கருவி எதுவும் இல்லை. அரசாங்க வாகனங்களில் ரனிங் சார்ட் எழுதுவார்கள், ஆனால் அது எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு டீசல் என்று வண்டியைத்தான் எண்ணுகிறது. ஓட்டுகிற மனிசனை எண்ணுவதில்லை. முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எவ்வளவு அவசரமென்றாலும் எந்த முதலாளியும் அதைத் தட்டிக் கேட்பதில்லை. அங்கே கழிகிற பத்து நிமிடத்தில் கால் நீட்டி முகம் கழுவ முடிகிறது. அதே மரியாதையோடு அநுராதபுரத்திலும் புத்தளத்திலும் ஒவ்வொரு நிறுத்தம் வேண்டும் என்பது என் ஆசை.

கருவி இல்லாவிட்டாலும் ஒரு கொப்பி போதும். எழும்பிய நேரம், வேலை தொடங்கிய நேரம், ஸ்ரேரிங் பிடித்ததும் விட்டதும், படுத்த நேரம். பக்கத்தில் ஊர்ப் பெயர். அன்றன்று இரவு மொத்தமாக நினைத்து எழுதக்கூடாது, நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சொல்லும். வண்டி நின்ற கையோடு எழுத வேண்டும், இல்லாவிட்டால் கிளீனர் எழுதலாம். பிழைத்தால் ஒரு கோடு கீறிப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். தாளைக் கிழிக்க வேண்டாம், கிழித்த கொப்பியை யாரும் நம்பமாட்டார்கள். லோட் ஏற்றக் காத்திருந்த நேரத்தையும் மறக்காமல் போடுங்கள், நம் றோட்டில் சாரதியின் நித்திரையைக் கூடுதலாகத் தின்பது அதுதான்.

முதலாளி செய்ய வேண்டியது, திரும்புகிற லோட்டைப் பேசுமுன் அந்தக் கொப்பியைப் பார்ப்பது. கொப்பியைக் காட்டியதற்காகச் சாரதியின் அடுத்த பயணத்தை வெட்டினால் அதற்குப் பிறகு அதில் உண்மை வராது. அதைவிட முக்கியம், சந்தை சந்தையாகச் சேர்த்து ஏற்றுகிற வேலையைச் சாரதியின் தலையில் கட்டாமல் வேறு ஆளிடம் விடுவது. ஏற்றுக்கூலி கொஞ்சம் கூடும். ஆனால் மதியச் சாப்பாட்டோடு படுத்து ஆறு மணிக்கு எழும்பி வருகிறவர் சிலாபத்தை நெருங்கும்போது விழித்திருந்தது 9 மணித்தியாலம்தான். உடம்பு அந்த நேரத்தில் அப்போதும் இழுக்கும், அதனால் புத்தளத்தில் 20 நிமிடம் சீற்றைச் சாய்த்துக் கிடக்க நேரம் கொடுத்தே பேலியகொடைக்குச் சேர வேண்டிய மணியைப் பேசிக்கொள்ளுங்கள்.